கோப்பி செத்த பிறகு கடன் யார் பேரில் இருந்தது?

2022 இல் நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். பெற்றோலுக்கு ஒரு வரிசை, கேஸுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு இன்னொன்று. அந்த மாதங்களில்தான் 'வழங்கல் சங்கிலி' என்ற சொல் பாடப்புத்தகத்தை விட்டு வீட்டுக்குள் வந்தது. உயர்தரத்தில் வணிகக்கல்வி படித்த எங்கட நண்பர்கள் அதை வைத்துக் கொஞ்சம் கெத்தும் காட்டினார்கள். இடர் வந்தால் நாலு வழி இருக்காம்: தவிர்க்கலாம், குறைக்கலாம், தாங்கிக்கொள்ளலாம், வேறொருவரிடம் மாற்றிவிடலாம். மாற்றிவிடுவதற்குப் புத்தகம் தரும் உதாரணம் காப்புறுதி. நாங்கள் கட்டணம் கட்டுகிறோம், கம்பனி இடரை ஏற்கிறது, இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்கிறது.

கையெழுத்து வைக்காத ஒருவரின் தலையிலும் இடரை மாற்றிவிடலாம் என்பதைப் புத்தகம் சொல்வதில்லை. அதற்கு இந்தத் தீவின் வரலாற்றிலேயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. அது கோப்பியின் கதை.

கோப்பியைப் பூஞ்சணம் அழித்தது, துரைமார் மனம் தளராமல் தேயிலைக்கு மாறினார்கள், 'சிலோன் டீ' பிறந்தது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கொனன் டொயில்கூடத் தன் சிறுகதையொன்றில் இந்த மாற்றத்தைத் துரைமாரின் துணிச்சலுக்குச் சாட்சி என்று மெச்சியிருக்கிறார். மாற்றம் நடந்தது உண்மைதான். அதற்கான செலவை யார் கொடுத்தார்கள் என்று தேடப் போனால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் அந்தச் சங்கிலி எப்படி ஓடியது என்று பார்ப்போம். 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டங்கள் 1830களின் கடைசியில் ஒரு காய்ச்சல் போலப் பரவின. முடிக்குரிய காடு ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்கப்பட்ட காலம் அது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். விற்கிறவரும் அவரே, வாங்குகிறவரும் அவரே!

கோப்பிப் பழம் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் முக்கியமாகப் பறிக்கப்படும். தோட்டத்தில் தோல் உரித்து, கழுவி, காயவைத்து, உள்தோலோடு மூட்டை கட்டி மாட்டு வண்டியில் கொழும்புக்கு அனுப்புவார்கள். கொழும்புக் களஞ்சியங்களில் அந்த உள்தோலையும் நீக்கி, பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிக்க, பீப்பாய்களில் அடைத்து லண்டனுக்குக் கப்பலேற்றுவார்கள். கீழே கோப்பி கொண்டு வந்த வண்டி மேலே போகும்போது வெறுமனே போகாது. அதில் அரிசி ஏறும். அந்த அரிசி இந்தியாவிலிருந்து வந்தது. தொழிலாளருக்கு அதைத் தோட்டமே கொடுத்து, விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். மழையில் பாதை கெட்டால் கோப்பி கீழே வராது, அரிசி மேலே போகாது. கோப்பிக்காரர்கள் ரெயில் பாதைக்கு அத்தனை வருடம் விடாமல் கத்தியதற்கு இதுதான் காரணம். 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரெயில் ஓடியது. 1867 இல் அது கண்டியைத் தொட்டது.

சரக்கு மேலிருந்து கீழே வந்தது. காசு எதிர்த்திசையில் போனது. லண்டனிலிருந்த வங்கியும் வியாபார நிறுவனமும் கொழும்பு ஏஜென்சிக்குக் கடன் கொடுக்கும். ஏஜென்சி, வரப்போகும் அறுவடையை ஈடாக வைத்துத் தோட்டத்துரைக்கு முன்பணம் கொடுக்கும். துரை அதில் ஒரு பகுதியைக் கங்காணியிடம் கொடுத்து ஆள் பிடிக்க அக்கரைக்கு அனுப்புவார். கங்காணி திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் ஒவ்வொரு குடும்பத்தின் பழைய கடனையும் அடைத்து, வழிச்செலவும் போட்டு, அந்தத் தொகையைத் தொழிலாளியின் பேரில் எழுதிக்கொள்வார். ஆக, லண்டனில் கொடுத்த காசு கடைசியில் எழுதப்படப் படிக்கத் தெரியாத ஒருவரின் பேரில், அவர் ஒருநாளும் கண்ணால் காணாத கணக்கில் கடனாக வந்து உட்கார்ந்தது. தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்ததும், வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களை அப்படியே விட்டுப் போனதும் நாங்கள் கேட்டு வளர்ந்த கதைகள். 2023 இல், மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர, அதே பாதையில் பலர் நடந்தார்கள். அந்தப் பாதையில் நடந்தவர்களின் தோளில் மூட்டை மட்டும் இருக்கவில்லை, கடனும் இருந்தது என்பதை இங்கே சேர்த்துச் சொல்கிறோம்.

முதல் எச்சரிக்கை 1847 இலேயே வந்தது. பிரித்தானியாவில் வியாபார நெருக்கடி, கோப்பி விலை விழுந்தது, பல தோட்டங்கள் கைமாறின. கொஞ்ச வருடத்தில் விலை ஏற, எல்லோரும் மறந்து போனார்கள். ஒரே பயிரை நம்பியிருக்கலாமா என்று யோசித்தவர் குறைவு.

1869 இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த துவைற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்ற பூஞ்சணவியலாளர் அதற்கு ஹெமிலியா வாஸ்டாற்றிக்ஸ் என்று பெயர் வைத்தார். இரண்டாவது சொல்லுக்கு நாசமாக்குவது என்று பொருள். அதே ஆண்டு நவம்பரில் சுயஸ் கால்வாய் திறந்தது. லண்டன் கிட்ட வந்த அதே வருடத்தில் மரம் சாகத் தொடங்கியது.

நாங்கள் இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க விரும்புகிறோம். ஏனென்றால் அடுத்த பத்து வருடம் நடந்ததைப் பார்த்தால் 'திடீரென்று வந்த பேரழிவு' என்ற பேச்சு பொருந்தாது. நோய் தெரிந்திருந்தது. ஏக்கருக்கு வரும் விளைச்சல் 1870களில் ஏறத்தாழப் பாதிக்குக் குறைந்ததும் தெரிந்திருந்தது. ஆனால் அதே காலத்தில் உலகச் சந்தையில் கோப்பி விலை நன்றாக ஏறியது. குறைந்த கோப்பிக்குக் கூடின காசு. கணக்குப் புத்தகத்தில் நட்டம் தெரியவில்லை. அப்ப துரைமார் என்ன செய்தார்கள்? மரம் பலவீனமாகிவிட்டது என்று நினைத்து எருவைக் கூட்டினார்கள். அதற்கு மேல், திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா என்று சிவனொளிபாதமலை அடிவாரம் வரை புதுக்காட்டை வெட்டி இன்னும் கோப்பி நட்டார்கள். கடன் வாங்கித்தான் நட்டார்கள். நோய் பிடித்த பயிரிலே முதலீடு கூடியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். பட்டினியிலிருந்து தப்ப ஆட்கள் அலையலையாக இங்கே வந்தார்கள். ஆகவே ஆளுக்கும் தட்டுப்பாடு இல்லை. காணி, கடன், ஆள் மூன்றும் தாராளமாகக் கிடைக்கும்போது இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

1880 இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்கள். இரண்டு வருடம் இருந்து ஆராய்ந்தார். பூஞ்சணத்தின் வித்திகள் காற்றில் பரவுகின்றன, மலை மலையாக இடைவெளியே இல்லாமல் ஒரே பயிர் நிற்பதால் அதைத் தடுக்க எதுவும் இல்லை என்று விளக்கினார். துரைமார் எதிர்பார்த்தது மருந்து. அவர் கொடுத்தது காரணம். அவர் போனபோது யாரும் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை.

சங்கிலி அறுந்தது மேல் முனையில். 1878 ஒக்டோபரில் கிளாஸ்கோ நகர வங்கி விழுந்ததும் லண்டனில் கடன் இறுகியது. விலையும் சரியத் தொடங்கியது. விலை மறைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே தெரிந்தது. தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. 1884 மே 3 ஆம் திகதி ஓரியன்டல் வங்கி கதவை மூடியது. அந்த வங்கி அச்சடித்த நோட்டுகள்தான் இலங்கையில் பலர் கையிலும் புழங்கிய காசு. கொழும்பில் பதற்றம். தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்துத்தான் நிலைமையை அமைதிப்படுத்தினார். அதன் பிறகு இலங்கையில் நோட்டு அடிக்கும் வேலை அரசாங்கத்தின் கைக்குப் போனது.

கவனியுங்கள்: நோட்டு வைத்திருந்தவரை அரசாங்கம் காப்பாற்றியது. சம்பளம் பாக்கி இருந்தவருக்கு?

கோப்பிக் காலத்தில் சம்பளம் மாதா மாதம் வந்ததென்று நினைக்க வேண்டாம். பல மாதம் பாக்கி நிற்பது வழமை. அறுவடை விற்றுக் காசு வந்தால் கொடுப்பார்கள். வேறு மாதிரிச் சொன்னால், தொழிலாளர்கள்தான் தோட்டத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டம் வங்குரோத்தாகும்போது ஈட்டுக்காரர் வந்து காணியை எடுப்பார். நின்ற சம்பளத்துக்கு வரிசையில் இடம் கிடையாது. பலர் வேலை செய்த காசு கிடைக்காமலே போனார்கள். நிலைமை மோசமான பிறகு, 1884 இல்தான் சம்பளப் பாக்கிக்குத் தோட்டத்தின் மேல் முதல் உரிமை என்று சட்டம் வந்தது. மறுபக்கம், அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போகும் தொழிலாளியை மறியலுக்கு அனுப்ப 1865 ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அதற்கு யாரும் நெருக்கடி வரும்வரை காத்திருக்கவில்லை.

தோட்டத்துக்கு வெளியேயும் ஒரு கூட்டம் அடிபட்டது. இதை எங்கட பாடங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. கண்டிப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவரும் வீட்டுத் தோட்டத்தில் கோப்பி வைத்திருந்தார்கள். ஏற்றுமதியில் அவர்களின் பங்கு சின்னதல்ல. நெல் சாப்பாட்டுக்கு, கோப்பி கைக்காசுக்கு. அரசாங்கத்தின் நெல் வரியைக் காசாகக் கட்ட அந்தக் கோப்பிதான் உதவியது. கோப்பி செத்ததும் வரி கட்டக் காசில்லை. அரசாங்கம் வரியை விடவில்லை. 1880களில் வலப்பனைப் பகுதியில் வரி கட்டாத குடும்பங்களின் வயல்கள் ஏலத்தில் போயின. வயல் போனவர்கள் ஊரை விட்டார்கள், பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் இதை எழுதிய பிறகு லண்டன் வரை சர்ச்சையானது. 1892 இல் நெல் வரி ஒழிந்தது. லயத்துத் தமிழரும் வலப்பனைச் சிங்களவரும் ஒரே பூஞ்சணத்தால், ஒரே சங்கிலியின் கடைசி வளையங்களாக நசுங்கினார்கள். ஆனால் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிய பாடப்புத்தகம் எங்கள் கைக்கு இன்னும் வரவில்லை.

இடையில் சிங்கோனா. கொய்னா மருந்து எடுக்கும் பட்டை. அதற்காகவே 1861 இல் ஹக்கலவில் பூங்கா அமைத்திருந்தார்கள். கோப்பி விழுந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் சிங்கோனாவுக்குப் பாய்ந்தார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டையை உரித்துச் சந்தைக்கு அனுப்பினார்கள், விலை தரைதட்டியது. சத்துக் கூடிய பட்டையோடு ஜாவாவும் வந்தது. சில வருடத்தில் முடிந்த கதை.

பிறகு தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் 1867 இலேயே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டிருந்தார். 1873 இல் லண்டனுக்கு அனுப்பியது வெறும் 23 இறாத்தல். கோப்பி உச்சத்திலிருந்தபோது அதைப் பொழுதுபோக்கு என்றுதான் மற்றவர்கள் பார்த்திருப்பார்கள். 1875 இல் நாடு முழுக்கவே சுமார் 1,000 ஏக்கர்தான் தேயிலை. இருபது வருடத்தில் அது 3 இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. 1883 இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1884 இல் ரெயில் அட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் போனது. 1890 இல் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கினார். செத்த கோப்பி மரக்கட்டைகளை இங்கிலாந்துக்கு அனுப்பித் தேநீர் மேசைக்குக் கால் செய்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, பொருத்தமான கதை.

டெய்லரின் பொறுமையையும் புதுப்பயிரின் நுட்பத்தை இவ்வளவு விரைவாகக் கற்றதையும் நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பயிர் மாறினால் சங்கிலியும் மாறும். கோப்பிப் பழம் கொஞ்ச நாள் பொறுக்கும். தேயிலைக் கொழுந்து பொறுக்காது. பறித்த அன்றே வாட்டப் போட வேண்டும். ஆகவே ஒவ்வொரு தோட்டத்துக்கும் பக்கத்திலேயே ஃபெக்டரி வேண்டும், இயந்திரம் வேண்டும், பெரிய முதல் வேண்டும். தனித்தனித் துரைமார் ஒதுங்க, லண்டன் கம்பனிகள் வந்தன. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது முக்கியமாக அறுவடைக் காலத்தில். முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலையில் அப்படி இல்லை. ஒவ்வொரு மரத்துக்கும் ஏழு, பத்து நாளுக்கொரு தடவை கொழுந்தெடுக்க வேண்டும், வருடம் முழுக்க. ஆகவே ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் பிள்ளைகளும் குடும்பமாக வந்து லயத்தில் தங்க வேண்டியதாயிற்று. எங்களில் சிலரின் பூட்டன் பூட்டிமார் இங்கே நிரந்தரமாகத் தங்கியது இந்தக் கணக்கினால்தான்.

நிரந்தரமாக ஆள் தேவை என்றதும் தோட்டங்களுக்குள் போட்டி வந்தது. சம்பளத்தைக் கூட்டி ஆளை இழுக்கலாம். துரைமார் பெரும்பாலும் அதைச் செய்யவில்லை. கங்காணிக்கான முன்பணத்தைக் கூட்டினார்கள். அப்படித்தான் 'துண்டு' முறை வளர்ந்தது. இந்தக் கங்காணியின் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் கூட்டத்தை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசிதான் துண்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். புதுத்துரை கடனைக் கட்டுவார், கூடவே கொஞ்சம் மேலதிகமும் கொடுப்பார். கூடின தொகை கூட்டத்தின் பேரில் ஏறும். தோட்டம் மாறும், துரை மாறுவார், கடன் மட்டும் கூட வரும். ஆள் ஓடிவிடுவார் என்ற இடரைத் துரை கங்காணியிடம் தள்ளினார். கங்காணி அதைத் தொழிலாளியின் கணக்கில் தள்ளினார். அதற்குக் கீழே தள்ள ஆள் இல்லை. துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழிக்க 1921 வரை ஆனது.

இன்னொன்றும் உண்டு. இது கொஞ்சம் நுணுக்கம், பொறுமையாகப் படியுங்கள். தேயிலை லண்டனில் விற்கும், அது தங்கத்தை அடிப்படையாகக் கொண்ட பவுண். இங்கே சம்பளம் ரூபாய், அது வெள்ளி. 1870களிலிருந்து இருபது வருடமாக உலகில் வெள்ளி விலை சரிந்தது. ரூபாய் 2 ஷில்லிங்குக்குக் கிட்டவிருந்து 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கும் கீழே இறங்கியது. லண்டனில் தேயிலை விலை விழுந்தாலும், அதே பவுணுக்குக் கூடுதல் ரூபாய் துரையின் கையில். நாட்சம்பளமோ ரூபாய்க் கணக்கில் பெரிதாகக் கூடவில்லை. தேயிலையின் ஆரம்ப வெற்றியில் இந்த நாணய மாற்றுக்கும் நல்ல பங்கு இருக்கிறது. சாகசக் கதைகளில் இது வருவதில்லை.

2021 க்கு வருவோம். மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அடுத்த மாதக் கடைசியில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. நவம்பரில் தடை முழுக்க நீங்கியபோது உரம் பழைய விலையில் இல்லை. கம்பனிகளுக்கு என்ன நட்டம், ஏற்றுமதி எவ்வளவு குறைந்தது என்பதெல்லாம் பத்திரிகையில் வந்தது.

அட்டன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவரிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டோம். அவர் உரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேரைப் பற்றித்தான் சொன்னார். தோட்டம் கேட்கும் கிலோ வந்தால் முழுப்பேர், வராவிட்டால் அரைப்பேர்.

"மரத்துல கொழுந்து இல்ல தம்பி. நாங்க எங்க போயி எடுக்கிறது? நிறுவைக்குப் போனா ரெண்டு கிலோ குறையுது, அரைப்பேருன்னு எழுதிட்டுப் போறாங்க. காலையில போனது, மழையில நனைஞ்சது எல்லாம் முழு நாள்தானே?"

பிறகு வாசலில் காயப்போட்டிருந்த படங்குச் சாக்கைத் திருப்பிப் போட எழுந்து போனார். மழை வரும் போல இருந்தது.